ராம்ஸ்டேலா, ராயாவா? ஆர்சனல் கோல்வாயில் யார் நிற்க வேண்டும்

வடக்குக்கரை | 18 செப்டம்பர் 2023

நேற்று எவர்டனை அவர்கள் மைதானத்திலேயே 1-0 என்று ஜெயித்தோம். டிரோசார்டின் கோலைப் பற்றித்தான் எழுத நினைத்திருந்தேன். ஆனால் ஆட்டத்துக்கு முன்பு அணிப் பட்டியல் வந்ததிலிருந்து மனசில் வேறு எதுவும் ஓடவில்லை. ஆரோன் ராம்ஸ்டேல் பெஞ்சில். டேவிட் ராயா கோல்வாயில்.

ராம்ஸ்டேல் என்ன தப்பு செய்தார்? இந்த சீசனின் முதல் நான்கு லீக் ஆட்டங்களிலும் அவர்தான் நின்றார். மூன்று வெற்றி, ஒரு டிரா. போன சீசனில் 38 லீக் ஆட்டத்திலும் ஆடி 14 கிளீன் ஷீட் (ஒரு கோலும் விடாத ஆட்டம்) வைத்தவர். ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அந்த ஆண்டின் அணியில் கீப்பர் அவர்தான். மே மாதம்தான் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஆகஸ்டில் பிரெண்ட்ஃபோர்டிலிருந்து ராயாவை லோனில் கூட்டி வந்துவிட்டார்கள், சீசன் முடிந்ததும் 2.7 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடு.

2021இல் ராம்ஸ்டேலை வாங்கியபோது யாருக்கும் பிடிக்கவில்லை. போர்ன்மவுத்தோடும் ஷெஃபீல்ட் யுனைடெட்டோடும் அடுத்தடுத்த இரண்டு வருடம் கீழ் டிவிஷனுக்கு இறங்கியவரை எதற்கு இவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிறீர்கள் என்று எல்லோரும் கேட்டோம். இரண்டே மாதத்தில் லெஸ்டர் மைதானத்தில் மேடிசனின் ஃப்ரீகிக்கை மேல் மூலையில் பாய்ந்து தட்டிவிட்டு நம் வாயை அடைத்தார். இந்த ஜனவரியில் டாட்டன்ஹாம் மைதானத்தில் 2-0 என்று ஜெயித்தோமே, அன்று அவர் பிடித்தவற்றையும் தட்டிவிட்டவற்றையும் மறக்க முடியுமா? லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் கடைசி நிமிடங்களில் சாலாவையும் கொனாட்டேவையும் தடுத்தது? இப்படி ஒருவரை காரணமே சொல்லாமல் உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கையுறை | 18 செப்டம்பர் 2023

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. கல்லூரி அணியில் நான் மூன்று வருடம் கோல்கீப்பர். அதில் ஒரு வருடம் முழுக்க பெஞ்சில் இருந்தேன். ஸ்ட்ரைக்கர் பெஞ்சில் இருந்தால், எழுபதாவது நிமிடத்தில் கூப்பிடுவார்கள் என்று லேஸை இறுக்கிக்கொண்டு காத்திருப்பான். கீப்பருக்கு அந்த நம்பிக்கையும் கிடையாது. நிற்பவனுக்கு அடிபட்டால்தான் நமக்கு வேலை. அடிபடட்டும் என்று நினைக்கவும் மனசு வராது, தினமும் கூடவே பயிற்சி செய்கிறவன் அவன்.

ஆனாலும் "என்ன தப்பு செய்தார்" என்று கேட்டால் பதில் கிடைக்காது. ராம்ஸ்டேல் நல்ல கீப்பர் என்பதில் நம் மேனேஜர் ஆர்டெடாவுக்கும் சந்தேகம் இருக்காது. கீப்பரிடம் அவர் எதிர்பார்க்கிற வேலை மாறிவிட்டது.

2019இல் கோல்கிக் விதியை மாற்றினார்கள். அதுவரை பந்து பெனால்டி பாக்ஸைத் தாண்டின பிறகுதான் நம் ஆள் தொட முடியும். இப்போது பாக்ஸுக்குள்ளேயே டிஃபென்டர் வாங்கிக்கொள்ளலாம். அதிலிருந்து எதிரணி ஸ்ட்ரைக்கர்களும் பாக்ஸ் விளிம்பு வரை வந்து நெருக்குகிறார்கள். போன சீசன் முடிவில் பல அணிகள் நம்மிடம் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? பத்து பேரையும் பத்து பேர் பிடித்துக்கொண்டால், ஆள் இல்லாமல் நிற்பவர் கீப்பர் மட்டும்தான். அவர் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு, ஒருவன் தன்னை நோக்கி ஓடி வரும்வரை பொறுத்திருந்து, அவன் விட்டுவிட்டு வந்த இடத்துக்கு அளந்து அடிக்க வேண்டும். ராயா அதில் கெட்டிக்காரர். நாற்பது மீட்டர் தள்ளி நிற்கும் விங்கருக்கு, மார்பில் வாங்கிக்கொள்கிற உயரத்தில் போடுவார்.

இன்னொன்று கிராஸ், அதாவது பக்கவாட்டிலிருந்து கோல்வாய்க்கு முன்னால் தூக்கி அடிக்கிற பந்து. ராம்ஸ்டேலைவிட உயரம் குறைவுதான், ஆனால் ராயா முன்னமே கிளம்பிவிடுவார். கோட்டிலேயே நின்று பாய்ந்து தடுப்பது பார்க்கிறவர்களுக்குப் பெரிய சேவ். வெளியே வந்து பந்தைப் பிடித்துவிட்டால் அங்கே ஷாட்டே கிடையாது, அதனால் சேவும் கிடையாது. யாரும் கைதட்ட மாட்டார்கள்.

மூன்றாவது, நம் கீப்பர் பயிற்சியாளர் இன்யாகி கான்யா. 2019 கடைசியில் ஆர்சனலுக்கு வருவதற்கு முன் பிரெண்ட்ஃபோர்டில் ராயாவுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். ஒரு கீப்பர் தினமும் அதிக நேரம் பேசுவது மேனேஜரிடம் இல்லை, இந்த ஆளிடம்தான். ராயா வந்ததில் அவர் சொல்லுக்குப் பங்கு இல்லாமல் இருக்காது என்பது என் ஊகம்.

புள்ளிக்கணக்கு | 18 செப்டம்பர் 2023

போன சீசனில் பிரீமியர் லீக்கிலேயே அதிக சேவ் செய்தவர் ராயா, 154. கிளீன் ஷீட் 12. ஆனால் இதை வைத்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதிகம் ஷாட் வாங்குகிற அணியின் கீப்பருக்கு சேவ் எண்ணிக்கை தானாகவே ஏறும். ஆர்சனல் கீப்பருக்கு ஒரு ஆட்டத்தில் இரண்டோ மூன்றோதான் வரும், அதுவும் நாற்பது நிமிடம் சும்மா நின்ற பிறகு. அது வேறு வகைத் திறமை. ராயாவிடம் அது இருக்கிறதா என்று இனிமேல்தான் தெரியும்.

வெள்ளைச் சட்டை | 19 செப்டம்பர் 2023

ஒரு ரியல் மாட்ரிட் ரசிகனாகச் சொல்கிறேன். இந்தக் கதையை நாங்கள் பார்த்துவிட்டோம்.

2012 டிசம்பரில் மலாகாவில் எங்கள் மேனேஜர் மொரின்யோ முதல் கீப்பர் காசியாஸை உட்கார வைத்துவிட்டு அதான் என்ற இன்னொரு கீப்பரை இறக்கினார். 3-2 என்று தோற்றோம். அடுத்த மாதம் வாலன்சியாவோடு ஆடும்போது எங்கள் டிஃபென்டர் ஆர்பெலோவாவின் கால் பட்டே காசியாஸின் கை எலும்பு முறிந்தது. செவியாவிலிருந்து டியேகோ லோபஸை வாங்கினார்கள். அவர் நன்றாகவும் ஆடினார். அதோடு ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. லோபஸ் ஒரு பந்தை நழுவவிட்டால் பாதி மைதானம் "காசியாஸ் இருந்திருந்தால்" என்று முணுமுணுக்கும். அடுத்த சீசனில் புது மேனேஜர் ஆன்செலோட்டி வந்து ஒரு சமாதானம் செய்தார். லீக் லோபஸுக்கு, கோப்பையும் சாம்பியன்ஸ் லீக்கும் காசியாஸுக்கு. இரண்டு கோப்பையும் கிடைத்தன, லீக்கில் மூன்றாம் இடம். லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் காசியாஸ் தேவையில்லாமல் வெளியே வந்து கோடினின் தலையடிக்கு வழி விட்டதும், 93ஆவது நிமிடத்தில் ராமோஸ் காப்பாற்றியதும் உங்களுக்கே தெரியும். அந்தக் கோடையில் லோபஸ் மிலானுக்குப் போனார், கெய்லர் நவாஸ் வந்தார். அடுத்த வருடம் காசியாஸும் போனார். அந்த நவாஸ் மூன்று வருடம் தொடர்ந்து சாம்பியன்ஸ் லீக் ஜெயித்துக் கொடுத்தார். மூன்றாவதை ஜெயித்த அதே கோடையில் கூர்த்வா என்ற கீப்பரை வாங்கினார்கள்.

நல்லவர் யார் என்பதைவிட, ரசிகர்கள் பிரிந்து நிற்பதுதான் கீப்பரைக் கொல்லும். ஆர்டெடா சீக்கிரமாக ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

நீலச்சிவப்பு | 19 செப்டம்பர் 2023

எங்கள் பார்சலோனாவில் பங்கு போட்டுத்தான் மூன்று கோப்பையும் ஜெயித்தோம். 2014-15இல் லீக் முழுக்க கிளாடியோ பிராவோ. 37 ஆட்டத்தில் 19 கோல்தான் விட்டார், குறைவாகக் கோல் விடும் கீப்பருக்கான சமோரா விருதும் அவருக்கே. டெர் ஸ்டெகன் அந்த சீசனில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை, ஆனால் சாம்பியன்ஸ் லீக்கும் கோபா டெல் ரேயும் அவருடையவை. இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்களா என்று கேட்டால், இல்லை. இரண்டாவது வருடம் முடிந்ததும் பிராவோ மான்செஸ்டர் சிட்டிக்குப் போய்விட்டார். ஆனால் ஏற்பாடு முதல் நாளிலிருந்தே தெளிவாக இருந்தது. எந்த ஆட்டம் யாருடையது என்று இருவருக்கும் தெரியும்.

நீலப்பாலம் | 19 செப்டம்பர் 2023

செல்சியில் பீட்டர் செக். பத்து வருடம் எங்கள் முதல் கீப்பர், மியூனிக்கில் நடந்த 2012 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலின் நாயகன். 2014 ஆகஸ்டில் கூர்த்வா அட்லெடிகோவில் லோன் முடித்துத் திரும்பி வந்தார், பர்ன்லியோடு முதல் ஆட்டத்திலேயே மொரின்யோ அவரைப் போட்டார். அவ்வளவுதான். செக் அந்த சீசனில் லீக்கில் ஏழு ஆட்டம், லீக் கோப்பை ஃபைனலில் ஒன்று. வாய் திறந்து ஒரு குறையும் சொல்லவில்லை. நாங்கள் லீக்கை ஜெயித்தோம், அவர் ஆர்சனலுக்கு வந்தார், அடுத்த வருடமே 16 கிளீன் ஷீட்டோடு, அதிக கிளீன் ஷீட் வைத்தவருக்கான கோல்டன் குளோவ் வாங்கினார். மேனேஜர் உறுதியாக இருந்ததால் எங்களுக்குக் குழப்பம் வரவில்லை. ஆனால் செக்கை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

வடக்குக்கரை | 19 செப்டம்பர் 2023

எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஆர்டெடா ஒரு பெயரைச் சொல்லவே மாட்டேன் என்கிறாரே! எவர்டன் ஆட்டத்துக்குப் பிறகு அவர் பேசியதைக் கேட்டீர்களா? ஸ்ட்ரைக்கர் ஜீசஸ் ஏன் ஆரம்பத்தில் ஆடவில்லை என்று யாரும் கேட்கவில்லை, கீப்பரைப் பற்றி மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்கிறார். இதற்கு முன் இரண்டு ஆட்டங்களில் நடுவிலேயே கீப்பரை மாற்றத் தோன்றியதாம், தைரியம் வராமல் விட்டுவிட்டாராம், அதற்காக வருந்துகிறாராம்.

இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 2020இல் நம் முதல் கீப்பர் லெனோவுக்கு அடிபட்டு எமிலியானோ மார்ட்டினெஸ் வந்து எஃப்.ஏ. கோப்பை ஜெயித்துக் கொடுத்தார். யாரை வைத்துக்கொள்வது என்ற கேள்வி அப்போதும் இதே ஆர்டெடாவுக்கு முன்னால் வந்தது. லெனோவை வைத்துக்கொண்டு மார்ட்டினெஸை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றோம். ஒரு வருடத்தில் லெனோவும் இடத்தை இழந்தார். மார்ட்டினெஸ் அர்ஜென்டினாவுக்காக உலகக் கோப்பையைத் தூக்கினார். இன்னொரு முறை அப்படி ஆகக் கூடாது.

கையுறை | 20 செப்டம்பர் 2023

ஆட்டத்தின் நடுவில் மாற்றுவது பற்றி மட்டும் ஒன்று. 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்து செய்தது. கோஸ்டா ரிகாவோடு 120 நிமிடம் முடியும் நேரத்தில் பயிற்சியாளர் வான் ஹால் கீப்பர் சிலெசனை வெளியே எடுத்துவிட்டு பெனால்டிக்கென்று டிம் குருலை இறக்கினார். குருல் இரண்டைத் தடுத்தார். உலகமே பாராட்டியது. ஆனால் சிலெசனிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து அர்ஜென்டினாவோடு அரையிறுதியும் பெனால்டிக்குப் போனது, மாற்று ஆட்டக்காரர்கள் மூவரும் தீர்ந்துபோயிருந்தார்கள், சிலெசன்தான் நிற்க வேண்டியதாயிற்று. ஒன்றைக்கூடத் தடுக்க முடியவில்லை. பெனால்டிக்கு நீ ஆகமாட்டாய் என்று ஊரறியச் சொல்லிவிட்டு அதே வேலைக்கு நிறுத்தினால் எப்படி?

கீப்பரின் வேலையில் பாதி, தயங்காமல் இருப்பது. கிராஸ் வரும்போது போகலாமா வேண்டாமா என்று அரை நொடி யோசித்தால் பந்து தலைக்கு மேல் போய்விடும். தப்பு செய்தால் அடுத்த வாரம் இடம் போய்விடும் என்ற நினைப்பு இருந்தால் அந்த அரை நொடி தானாக வந்துவிடும். பிராவோ, டெர் ஸ்டெகன் பங்கீடு நடந்ததற்குக் காரணம், அங்கே தப்புக்கும் இடத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் இருந்தது.

வடக்குக்கரை | 22 அக்டோபர் 2023

ஒரு மாதம் ஆகிவிட்டது. நேற்று செல்சியோடு 2-2. முட்ரிக் கிராஸ் போட்டாரா ஷாட் அடித்தாரா என்று அவருக்கே தெரியாது. முன்னால் நின்ற ராயாவின் தலைக்கு மேல் போய் உள்ளே விழுந்தது. இந்த மாதத் தொடக்கத்தில் லான்ஸ் ஆட்டத்தில் அவருடைய தவறான பாஸில்தான் அவர்களின் முதல் கோல். சிட்டியோடு ஜெயித்தோம் என்றாலும், தொடக்கத்திலேயே அவர் அடித்த பந்து ஆல்வாரஸ் மேல் பட்டு வலைக்கு வெளியே பக்கவாட்டில் போனது. ஒரு அடி உள்ளே போயிருந்தால்?

எந்தக் காரணத்துக்காக ராம்ஸ்டேலை எடுத்தீர்களோ, அந்தக் காரியத்தையே இவர் தடுமாறிச் செய்கிறார். டாட்டன்ஹாம் ஆட்டத்தில் ராயா ஒன்றைத் தடுத்ததும் கேமரா பெஞ்சைக் காட்டியது. ராம்ஸ்டேல் கைதட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

நீலப்பாலம் | 22 அக்டோபர் 2023

நேற்று எங்கள் கீப்பர் சாஞ்செஸ் நேராக டெக்லன் ரைஸின் காலில் பாஸ் கொடுத்ததையும் சேர்த்து எழுதுங்கள் நண்பரே. 2-0 என்று இருந்த ஆட்டம் அங்கேதான் திரும்பியது. காலால் ஆடச் சொல்லும் எல்லா அணிகளும் இந்த விலையைக் கொடுக்கின்றன.

கையுறை | 23 அக்டோபர் 2023

முட்ரிக் கோலில் தப்பு ராயா நின்ற இடத்தில்தான். கிராஸை எடுக்கலாம் என்று இரண்டு அடி முன்னால் வந்து நின்றார். பிரெண்ட்ஃபோர்டிலும் அப்படித்தான் நிற்பார், அங்கே அவருக்கு வருடத்துக்குப் பல கிராஸ்கள் கிடைத்தன, ஒன்று இப்படிப் போனால் யாரும் பேச மாட்டார்கள். அவர் இயல்பே அதுதான். அதை மாற்றினால் அவரை வாங்கியதற்கே அர்த்தம் இல்லை.

ஆனால் நம் எமிரேட்ஸ் மைதானத்தில் அவர் காலில் பந்து வரும்போதெல்லாம் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்வது டிவியிலேயே கேட்கிறது. அந்தச் சத்தம் கீப்பருக்கும் கேட்கும். வெள்ளைச் சட்டை சொன்னது நடக்கிறது.

புள்ளிக்கணக்கு | 26 நவம்பர் 2023

நேற்று பிரெண்ட்ஃபோர்டோடு 1-0. ராயா லோனில் வந்தவர் என்பதால் சொந்த கிளப்புக்கு எதிராக ஆட முடியாது. ராம்ஸ்டேல் இறங்கினார். முதல் பாதியில் காலில் பந்தை வைத்துக்கொண்டு தாமதித்தார், விஸ்ஸா பறித்துவிட்டார், ரைஸ் கோட்டில் நின்று காப்பாற்றினார். கிட்டத்தட்ட மூன்று மாதமாக லீக் வாசனையே இல்லாமல் இருந்தவர், ஒரே ஆட்டத்தில் தன்னை நிரூபிக்க வேண்டும் என்ற பாரத்தோடு வந்தால் இதுதான் நடக்கும். அவரை எடை போட இந்த ஆட்டம் உதவாது.

வடக்குக்கரை | 6 டிசம்பர் 2023

லூட்டன் 3, ஆர்சனல் 4. 97ஆவது நிமிடத்தில் ரைஸ் தலையால் அடித்த கோலில் தொண்டை கட்டிப்போகும் அளவுக்குக் கத்தினேன். ஆனாலும் சொல்லியாக வேண்டும். அடெபாயோவின் கோலில் ராயா கார்னருக்கு வெளியே வந்து பந்தைத் தொடவே இல்லை. பார்க்லியின் ஷாட் அவர் உடம்புக்குக் கீழேயே புகுந்து போனது. இனியும் ராம்ஸ்டேலைத் திரும்பக் கொண்டுவரவில்லை என்றால் எப்போது?

கையுறை | 6 டிசம்பர் 2023

பார்க்லி கோல் பிடித்திருக்க வேண்டிய பந்து. அதில் ஒரு பேச்சும் இல்லை.

ஆனால் தம்பி, இன்று மாற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ராம்ஸ்டேல் வருவார். ஜனவரியில் அவர் ஒன்றை விடுவார், எல்லா கீப்பரும் விடுவார்கள். அப்போது மறுபடி ராயாவா? ஆறு மாதத்தில் இருவருமே பயந்து போய் நிற்பார்கள். முன்னால் ஆடுகிற டிஃபென்டர்கள் சலிபாவும் கேப்ரியலும் இன்றைக்குப் பின்னால் யார், அவர் எவ்வளவு தூரம் வெளியே வருவார், எந்தக் காலுக்குப் பாஸ் கேட்பார் என்று ஒவ்வொரு வாரமும் புதிதாகப் பழக வேண்டும். செப்டம்பரில் மாற்றியது சரியா என்று நான் இன்னும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். மாற்றிவிட்ட பிறகு டிசம்பரில் திரும்பப் போவது தப்பு என்று உறுதியாகச் சொல்வேன்.

வெள்ளைச் சட்டை | 7 டிசம்பர் 2023

கையுறை அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். யார் நிற்பார் என்பது தெரியாமல் ஒரு அணி எப்படிச் சிதறும் என்பதை பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் காட்டியது. 2021-22இல் நவாஸும் டொனாரும்மாவும் மாறி மாறி நின்றார்கள். மார்ச்சில் எங்கள் பெர்னபு மைதானத்தில் டொனாரும்மா காலில் பந்தை வைத்துக்கொண்டு திணற, பென்செமா நெருக்கினார், கோல். மொத்தம் மூன்று அடித்தார், பாரிஸ் வெளியே. மாறி மாறி நிறுத்தியதால்தான் அந்தத் தப்பு வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த இருவரில் யாருடைய முகத்திலும் அந்த வருடம் நிம்மதி இல்லை.

வடக்குக்கரை | 10 மார்ச் 2024

இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. மறுபடி பிரெண்ட்ஃபோர்ட், மறுபடி ராயா ஆட முடியாது, எமிரேட்ஸில் ராம்ஸ்டேல். முதல் பாதி முடியும் நேரத்தில் பந்தை நிதானமாக அடிக்கப் போனார், விஸ்ஸா ஓடி வந்து காலை நீட்டினார், அது நேராக வலைக்குள். நவம்பரில் பயந்தது இப்போது நடந்தே விட்டது.

ஆனால் மைதானம் செய்ததைப் பாருங்கள். ஒரு முணுமுணுப்பு இல்லை. இரண்டாம் பாதியில் அவர் பெயரைப் பாடினார்கள். டோனியின் முயற்சியையும் காலின்ஸின் தலையடியையும் அவர் தடுத்த பிறகுதான் 86ஆவது நிமிடத்தில் ஹவர்ட்ஸ் கோல் வந்தது. அவர் தடுக்கவில்லை என்றால் அந்த மூன்று புள்ளி இல்லை.

நேற்று ராத்திரி வெகு நேரம் யோசித்தேன். நமக்குப் பிடித்த ஆள் என்பதால் அவர் தப்பைப் பாட்டுப் பாடி மூடினோம். ராயா தப்பு செய்தபோது ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்? நானும்தான். அந்தச் சத்தத்தில் என் பங்கும் இருக்கிறது.

கையுறை | 13 மார்ச் 2024

சாம்பியன்ஸ் லீக்கில் போர்ட்டோ. முதல் ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் கலேனோ தூரத்திலிருந்து அடித்து 1-0. நேற்று டிரோசார்ட் சமன் செய்தார், பெனால்டிக்குப் போனது. வெண்டெல் அடித்ததை ராயா விரலால் கம்பத்தில் தட்டிவிட்டார். கடைசியாக அதே கலேனோ வந்தார், அதையும் தடுத்தார். 2010க்குப் பிறகு முதல் முறையாகக் காலிறுதி.

பெனால்டியில் அவர் கால்களைக் கவனியுங்கள். கடைசி அடி வரை அசையவே இல்லை. அக்டோபரில் இருந்த ஆளுக்கு இந்தப் பொறுமை இருந்திருக்காது.

வடக்குக்கரை | 13 மார்ச் 2024

எல்லோரும் ராயாவை நோக்கி ஓடியபோது நானும் சோபாவிலிருந்து எழுந்து ஓடினேன். ஆறு மாதத்தில் முதல் முறையாக அவரை நம் கீப்பர் என்று நினைத்தேன்.

புள்ளிக்கணக்கு | 20 மே 2024

சீசன் முடிந்தது. 89 புள்ளி, சிட்டிக்கு 91. கையில் எதுவும் இல்லை. ஆனால் இந்த இழையில் எண்ணைப் போடாமல் போக மனசு இல்லை.

அணி லீக்கில் விட்டது 29 கோல், போன சீசனில் 43. ராயா ஆடிய 32 லீக் ஆட்டத்தில் 24 கோல், 16 கிளீன் ஷீட், கோல்டன் குளோவ். ராம்ஸ்டேல் ஆறு ஆட்டம், ஐந்து கோல், இரண்டு கிளீன் ஷீட். ஒரு ஆட்டத்துக்கு என்று வகுத்துப் பார்த்தால் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை ராயா பக்கம் நிற்கிறவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதை ராம்ஸ்டேல் பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

43 எப்படி 29 ஆனது? போன மார்ச்சில் சலிபா காயப்பட்டு உட்கார்ந்தார், இந்த சீசனில் 38 ஆட்டமும் ஆடினார். டிஃபென்டர்களுக்கு முன்னால் ரைஸ் வந்தார். ராயாவின் பங்கு இருக்கிறது, ஆனால் அது இந்த இரண்டுக்கும் பின்னால்தான்.

கையுறை | 20 மே 2024

சம்மதம். ஒன்று மட்டும் எண்ணில் வராது. ஏப்ரலில் டாட்டன்ஹாம் மைதானத்தில் 3-0 என்று இருந்தபோது ராயா ரொமேரோவின் காலிலேயே பந்தைப் போட்டு ஒரு கோல் கொடுத்தார். அதன் பிறகு மிச்ச ஆட்டத்தை அவர் ஆடிய விதத்தைப் பாருங்கள். கிராஸுக்கு வெளியே வந்தார், பந்தைப் பிடித்தார், அவசரப்படவில்லை. 3-2 என்று முடித்தோம். அடுத்த வாரமும் அவர்தான் நிற்பார் என்று அவருக்குத் தெரியும்.

வடக்குக்கரை | 31 ஆகஸ்ட் 2024

ராம்ஸ்டேல் சவுத்தாம்ப்டனுக்குப் போய்விட்டார். ராயாவை ஜூலையிலேயே நிரந்தரமாக வாங்கியபோதே இது வரும் என்று தெரியும்.

இந்த இழையைத் தொடங்கியவன் நான். என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். ராயாவைத் தேர்ந்தெடுத்தது சரி. ராம்ஸ்டேலிடம் இருவருக்கும் சம வாய்ப்பு என்பது போலப் பேசிவிட்டு அப்படி நடக்காமல் விட்டது சரியில்லை. செல்சியில் செக்குக்கு முதல் நாளே தெரிந்தது. இவர் ஆட்டத்துக்கு ஆட்டம் காத்திருந்தார். ஆகஸ்டிலேயே "நீ இரண்டாவது" என்று சொல்லியிருந்தால் ஒரு வருடம் முன்பே வேறு அணியில் முதல் கீப்பராக இருந்திருப்பார். 25 வயதில் ஒரு கீப்பருக்கு அந்த ஒரு வருடம் பெரியது. பயிற்சியில் பந்து பிடித்துக்கொண்டிருப்பது ஆட்டம் ஆகாது.

நீலப்பாலம் | 31 ஆகஸ்ட் 2024

போகிற இடத்தில் நன்றாக ஆடட்டும். எங்களோடு ஆடும் நாளைத் தவிர.

வடக்குக்கரை | 20 செப்டம்பர் 2024

நேற்று பெர்கமோவில் அட்டலாண்டாவோடு 0-0. இரண்டாம் பாதி தொடக்கத்தில் பெனால்டி. ரெடெகி அடித்தார், ராயா தடுத்தார், பந்து திரும்ப ரெடெகியிடமே வந்தது, தலையால் அடித்தார். கீழே விழுந்து கிடந்தவர் எழுந்து மறுபக்கம் பாய்ந்து அதையும் எடுத்தார். இரண்டாவதை எப்படித் தடுத்தார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கையுறை அண்ணா, ஒன்றைக் கவனித்தீர்களா? வீடியோ சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்தபோது ராயா கோல்வாயை விட்டு பெஞ்ச் பக்கம் ஓடினார். அங்கே கான்யா நின்றிருந்தார். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். பிறகு திரும்பி ஓடி வந்து கோட்டில் நின்றார்.

கையுறை | 20 செப்டம்பர் 2024

கவனித்தேன் தம்பி. அவர் தடுத்ததைவிட அந்த ஓட்டத்தைத்தான் அதிக முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.